சுவடு பதியாத குண்டு

அப்பாவின் முதலாண்டுத் திதி முடிந்த மறுநாள், கூரத்து வீட்டின் பின்கட்டில் அவருடைய டிரங்குப் பெட்டியை நாங்கள் மூவரும் சேர்ந்து திறந்தோம். அக்கா மூத்தவள் என்பதால் பூட்டைத் திறக்கும் உரிமை அவளுக்கு. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. பித்தளைக் கொக்கி வைத்த இடுப்புவார், ஒரு விசில், மசி மங்கிப்போன இரண்டு மெமோக்கள், கோடு போட்ட நோட்டு ஒன்று. நோட்டின் முதல் பக்கத்தில், பள்ளிப் பிள்ளையின் கையெழுத்தில், “.410 மஸ்கட் – பாகங்களின் பெயர்கள்” என்று தலைப்பிட்டு போல்ட், ஸ்ட்ரைக்கர், எக்ஸ்டிராக்டர் என்று வரிசையாக எழுதியிருந்தார். ஆயுதப்படையில் சேர்ந்த புதிதில் வகுப்பில் எழுதிக்கொண்டதாக இருக்கவேண்டும். அதற்கப்பால் பல பக்கங்கள் வெற்றாக இருந்தன. நடுவே ஒரு பக்கத்தில், தேதியோ ஊரோ குறிக்காமல், ஒரே ஒரு வரி:

“வழங்கியது 10. சுட்டது 1. மீதி 9. எம்ட்டி 1. சரி.”

மூவரும் படித்தோம். சுட்டது எங்கே என்று எங்களில் யாரும் மற்றவரைக் கேட்கவில்லை. அது எங்கள் வீட்டில் அனைவருக்கும் தெரிந்த, யாரும் பேசாத செய்தி.

இலக்கியம் பேசும் இடத்தில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காவல்துறைக்குப் புதிய கைத்துப்பாக்கிகள் வாங்கப்போகிறார்கள் என்ற செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம், எத்தனை ரவை கொள்ளும், எந்த நாட்டில் செய்தது, விலை என்ன என்பவை விரிவாக எழுதப்படுகின்றன. அந்தத் தேர்வு ஒரு மனிதனின் கைக்கு வந்து சேர்ந்தபின் அவனை என்ன செய்கிறது என்பதை எழுதியவர்கள் குறைவு. எங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதரை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், வைணவர்களுக்குக் கூரத்தாழ்வானின் ஊர். கல்வெட்டு ஆராய்ச்சியாளர்களுக்குப் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு கிடைத்த ஊர். எங்களுக்குத் தாத்தாவின் தறி இருந்த ஊர். தாத்தா பட்டு நெய்தவர். காஞ்சிபுரத்து முதலாளி ஒருவரிடம் பட்டும் ஜரிகையும் வாங்கிவந்து, தறிக்குழியில் இறங்கி நெய்து, புடவையாகத் திருப்பித் தருவார். கொடுப்பதும் எடைக்கு, வாங்குவதும் எடைக்கு. கழிவு என்று ஒப்புக்கொண்ட சிற்றளவைத் தாண்டி ஜரிகை குறைந்தால் கூலியில் பிடித்தம். அறுந்த ஜரிகைத் துணுக்குகளைக்கூடப் பாட்டி ஒரு தகர டப்பாவில் சேர்த்துவைப்பாள். தராசில் அதுவும் பேசும்.

தறிக்குழியில் இறங்க மறுத்த முதல் ஆள் அப்பா. 1960களின் பிற்பகுதியில் ஆயுதப்படைக் காவலரானார். சீருடைக்குப் போனால் இந்த நிறுவைக் கணக்கிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைத்ததாகப் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார். அங்கே எண்ணிக் கொடுத்தார்கள், எண்ணி வாங்கினார்கள். ‘பெல் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்று அவர்கள் சொல்லும் ஆயுத அறையின் ஜன்னலருகே நின்று, துப்பாக்கியின் எண்ணைச் சொல்லிக் கையெழுத்திட்டு, தோட்டாக்களை உள்ளங்கையில் எண்ணி வாங்கவேண்டும். திரும்பும்போது சுடாத தோட்டாவையும், சுட்டதென்றால் அதன் பித்தளைக் கூட்டையும் ஒப்படைக்கவேண்டும். அந்தக் காலிக் கூட்டுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் எம்ட்டி.

1980களின் தொடக்கத்தில், அப்பா வேலை பார்த்த ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) ஆண்டுச் சுடுபயிற்சி நடந்தது. குன்றடிவாரத்தில் மண்மேடு எழுப்பி அதன்முன் இலக்குப் பலகைகளை நிறுத்தியிருந்தார்கள். கூடுகளைப் பொறுக்கிப் பெட்டியில் சேர்க்கும் பொறுப்பு அன்று அப்பாவுக்கு. மாலையில் எண்ணியபோது ஒன்று குறைந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா முறமும் சல்லடையும் எடுத்துக்கொண்டாள். நாங்கள் மூவரும், பக்கத்து லைன் வீட்டுப் பிள்ளைகள் நான்கைந்து பேரும், வெயில் ஏறும்வரை அந்தச் செம்மண்ணைச் சலித்தோம். நெல்லில் கல் பொறுக்குவதைப்போல அம்மா முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. கிடைக்கவில்லை. ஊதிய உயர்வை நிறுத்திவிடுவார்கள் என்று அப்பா சொன்னபோது அக்காவுக்கு மட்டும் அதன் பொருள் புரிந்தது. அந்த ஆண்டு அவளுடைய பள்ளிக் கட்டணம் அதில் அடங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஒரு மூத்த ஏட்டு, எங்கிருந்தோ பழைய கூடு ஒன்றைக் கொண்டுவந்து கணக்கை நேர்செய்துவிட்டார். பழைய இரும்புக் கடையில் வாங்கியது என்றார்கள். அத்துடன் முடிந்திருக்கவேண்டும். ஆனால் தம்பிக்கு அது மனத்தில் தங்கிவிட்டது. பள்ளி விட்டதும் தனியாகக் குன்றடிக்குப் போய்த் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். புதன்கிழமை மாலை, வேலிக்காத்தான் புதரடியில் கிடந்த கூட்டைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் கையில் வைத்தான். அப்பா முகம் வெளுத்துப்போனது.

“ஒண்ணு குறைஞ்சா மெமோ. ஒண்ணு கூடினா, எவன் எங்கே சுட்டான்னு விசாரணைடா” என்றார்.

அந்த வார இறுதியில் பேருந்தேறிக் கூரத்துக்கு வந்து, அதைக் குளத்தில் போட்டுவிட்டுத் திரும்பினார். தம்பிக்கு அன்று அடி விழவில்லை, பாராட்டும் கிடைக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய குழப்பம்தான். கூட்டுக்கு இத்தனை கணக்கு இருக்கிறதே, அதிலிருந்து பறந்துபோகும் குண்டுக்கு என்ன கணக்கு என்று அன்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அந்த .410 மஸ்கட் எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னாளில்தான் படித்தறிந்தோம். 1857-க்குக் காரணங்கள் பல. அவற்றில் உடனடிக் காரணமாக எல்லாரும் சொல்வது, என்ஃபீல்டு ரைபிளுக்கான தோட்டாவின் காகித உறையில் பூசிய கொழுப்பு. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில்தான் அந்த வதந்தி முதலில் பரவியது. (அதே டம்டம் ஆயுதச்சாலையில் நாற்பது ஆண்டுகள் கழித்து உடலுக்குள் விரியும் குண்டைச் செய்து, அந்த ஊர்ப் பெயரையே அதற்குக் கொடுத்தார்கள்.) கலகத்தை அடக்கியபின் ஆங்கிலேயர் எடுத்த முடிவுகளில் ஒன்று, இந்தியச் சிப்பாயின் கையில் வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கிக்கு நிகரானது இருக்கக்கூடாது என்பது. ரைபிளின் குழலுக்குள் சுருள் சுருளாகப் புரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்று செல்வதால்தான் தொலைவிலும் குறி தப்புவதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்குப் புரி இல்லாத வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன.

அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் காவலர்களுக்கும் சிறைக் காவலர்களுக்கும் வந்தது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில், பட்டாளத்தின் .303 லீ என்ஃபீல்டு ரைபிளின் குழலைக் குடைந்து புரிகளை நீக்கினார்கள். பத்துத் தோட்டா கொள்ளும் இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்து, ஒருமுறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி ஆக்கினார்கள். இதற்கு இரண்டு நியாயங்கள் சொல்லப்படுவதுண்டு. .303 குண்டு மைல் கணக்கில் போகும், ஒருவரைத் துளைத்து அடுத்தவரையும் துளைக்கும். ஊருக்குள் அது ஆகாது என்பது ஒன்று. காவலரே திரும்பினாலும், துப்பாக்கி கலகக்காரர் கைக்குப் போனாலும், பட்டாளத்துத் தோட்டாவை அதில் போட்டுச் சுட முடியாது என்பது மற்றொன்று. ஒன்று இரக்கம், ஒன்று அவநம்பிக்கை. இரண்டில் எது முன்னால் தோன்றியது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது ரைபிள்தான். அம்மாவுக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். அடியில் மரக்கட்டை தெரிந்தால் அது மஸ்கட்.

ஆங்கிலேயர் போய் நெடுங்காலம் ஆனபின்னும் அதே துப்பாக்கிதான் அப்பாவின் தோளில் தொங்கியது.

1980களின் நடுவில், வட மாவட்டம் ஒன்றில், ஒரு மறியலின்போது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஊரையும் மறியலின் காரணத்தையும் எழுத விரும்பவில்லை. இறந்த பையனின் குடும்பம் அங்கே இருக்கிறது. கல்லெறி, தடியடி, கண்ணீர்ப்புகை எல்லாம் முடிந்தபின், சுட ஆணை கிடைத்தது. வரிசையில் நின்றவர்களில் மூவருக்குப் பெயர் சொல்லி ஆணை. ஆளுக்கொரு தோட்டா. மூவரில் ஒருவர் அப்பா. அவர் கீழே பார்த்துச் சுட்டதாகச் சொன்னார். மற்ற இருவரும் அப்படியே சொன்னார்கள். கூட்டம் கலைந்தபோது பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சாலையோரம் விழுந்து கிடந்தான். அடிவயிற்றில் ஒரு குண்டு.

கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. மூன்று மஸ்கட்டுகள், மூன்று கூடுகள், பிணப்பரிசோதனையில் எடுத்த ஓர் ஈயக்குண்டு எல்லாம் ஆய்வகத்துக்குப் போய் வந்தன. கூடுகளின் அடியில் ஸ்ட்ரைக்கர் குத்திய தடத்தை வைத்து, எந்தக் கூடு எந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டார்கள். குண்டு எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. ரைபிளோ கைத்துப்பாக்கியோ ஆகியிருந்தால் குழலின் புரிகள் குண்டின் மேல் வரிவரியாகப் பதிந்திருக்கும். உருப்பெருக்கியின் கீழ் இரண்டு குண்டுகளை அருகருகே வைத்து அந்த வரிகளை ஒப்பிடும் முறை 1920களிலேயே வந்துவிட்டது. 1929-இல் சிகாகோவில் காவலர் உடையில் வந்தவர்கள் ஏழு பேரைச் சுட்டுக்கொன்றபோது, சுட்டவர்கள் உண்மையான காவலர்கள்தானோ என்ற சந்தேகத்தை கால்வின் கோடர்டு அந்த முறையில்தான் தீர்த்துவைத்தார். காவல்துறையின் துப்பாக்கிகள் எதுவும் அங்கே வெடிக்கவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. மஸ்கட்டின் வழுவழுப்பான குழலில் பதிக்க ஒன்றுமில்லை. மூன்றில் ஒன்று என்பதற்குமேல் யாராலும் போக முடியவில்லை. சூடு நியாயமானது என்று அறிக்கை வந்தது. அப்பா நோட்டில் தன் கணக்கை எழுதிவைத்தார்: “எம்ட்டி 1. சரி.”

அதன்பின் அப்பா எப்படி இருந்தார் என்பதை எழுதுவது கடினம். மாறிவிட்டார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் குடிக்கவில்லை, எங்களை அடிக்கவில்லை, வேலையை விடவில்லை. வழக்கம்போல உண்டார், உறங்கினார். மற்ற இருவரில் ஒருவர் ஆண்டுதோறும் திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்வதாகக் கேள்விப்பட்டபோது மட்டும், “அவன்தான்னு அவன் நெனச்சிக்கிட்டான் போல” என்றார். அந்தக் குரலில் இருந்தது பரிவா பொறாமையா என்று அக்காவும் தம்பியும் இன்றும் வாதிடுகிறார்கள்.

ஓய்வுபெற்றுக் கூரத்துக்கு வந்தபின் கதை கேட்பதில் அவருக்கு ஈடுபாடு வந்தது. எங்கள் ஊர்ச் செப்பேட்டில், சிவன் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்ட செய்தி இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழைய ஏற்பாடு. பெருவளநல்லூர்ப் போரும் அந்தச் செப்பேட்டில்தான் விரிவாக வருகிறது. பல்லவனின் யானைக்கு அரிவாரணம், குதிரைக்கு அதிசயம் என்று பெயர்கள் உண்டு. தோற்ற சாளுக்கியன் விக்கிரமாதித்தன் கந்தலொன்றை மட்டும் போர்த்திக்கொண்டு தனியே ஓடினான் என்கிறது. யானைக்கும் குதிரைக்கும் பெயர் எழுதிவைத்தவர்கள், அந்தப் பக்கம் இறந்த ஒருவனுக்கும் எழுதவில்லையே என்று அப்பா ஒருமுறை கேட்டார். புகழ்ச்சிச் சாசனத்தில் அதை எதிர்பார்க்கலாமா என்று நாங்கள் படித்தவர்களுக்குரிய விளக்கம் ஒன்றைச் சொல்லிவைத்தோம்.

இன்னொரு மாலை, தம்பி அவருக்குக் கம்பனின் வாலி வதைப் படலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். மறைந்து நின்று எய்தவன் யாரென்று அறியாத வாலி, தன் மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கி, அதில் பொறித்திருக்கும் இராமன் பெயரைக் காண்கிறான். நம்மில் பலரும் இராமன் செய்தது அறமா என்ற விவாதத்துக்கு அங்கிருந்துதான் புறப்படுவோம். அப்பா அந்த விவாதத்துக்குள் வரவில்லை. அம்பில் பேர் எழுதியிருந்ததா என்று மட்டும் மறுபடி கேட்டார். எழுதியிருந்தது என்றான் தம்பி. “அப்ப சரி” என்றார். எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

கைத்துப்பாக்கி அவர் இடுப்புக்கு வந்தது பணியின் கடைசி ஆண்டுகளில், ஒரு பெரிய மனிதருக்குப் பாதுகாவலராக அனுப்பப்பட்டபோது. முதலில் கொடுத்தது .380 வெப்லி ரிவால்வர். ஆறு ரவை, கனமான விசை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிடியிலிருந்து தோளுக்கு ஒரு கயிறு. யாரும் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடக்கூடாது. எங்கள் நாட்டில் காவலர் ஆயுதத்தைப் பற்றிய முதல் கவலை எப்போதும் அது தொலைந்துபோவது பற்றியதாகவே இருந்திருக்கிறது. கவலைக்குக் காரணம் இல்லாமலில்லை. 1990களின் பிற்பகுதியில் ஆண்டிமடம், வெள்ளித்திருப்பூர்க் காவல் நிலையங்கள் தாக்கப்பட்டு ஆயுதங்கள் கொள்ளைபோனதை நண்பர்கள் நினைவுகூரலாம்.

பிறகு இஷாப்பூரில் செய்த 9 மி.மீ. பிஸ்டல் வந்தது. பதின்மூன்று ரவை. பெல்ஜியத்தில் ஜான் பிரௌனிங் தொடங்கி, அவர் 1926-இல் இறந்தபின் மற்றொருவர் முடித்த வடிவத்தின் இந்தியப் பதிப்பு அது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியத்துப் பிரௌனிங் பிஸ்டலால்தான். அரசாங்கம் தன் காவலனுக்கு மரக்கட்டை வைத்த மஸ்கட்டைக் கொடுத்து வைத்திருந்த நாட்டில், புரட்சிக்காரர்கள் அந்தக் காலத்தின் மிகப் புதிய கைத்துப்பாக்கியைத் தேடிப் பெற்றிருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அதன் பங்காளி எண்பது ஆண்டுகளுக்குப்பின் எங்கள் அப்பாவின் இடுப்பில் ஏறியது. பிஸ்டலோடு கிடைத்த பயிற்சி பத்துத் தோட்டா. அதிலும் எம்ட்டி பத்தும் சரியாக இருந்ததாம்.

ஒரு காவல்படை கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று படிக்கத் தொடங்கியபோது, பிற நாடுகளில் அது பெரும்பாலும் ஒரு சாவில் தொடங்குவதைக் கண்டோம். 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில், வங்கிக் கொள்ளையர் இருவரை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மடக்கினார்கள். ஓர் அதிகாரியின் 9 மி.மீ. குண்டு ஒருவனின் கையைத் துளைத்து மார்புக்குள் புகுந்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அந்தக் காயத்தோடு அவன் தொடர்ந்து சுட்டான். அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். அந்த ஓர் அங்குலத்தை வைத்து முப்பதாண்டு ஆராய்ச்சி நடந்தது. சதையைப்போல அடர்த்தி கொண்ட ஜெலட்டின் பாளங்களில், துணி, பலகை, தகரம், கார்க் கண்ணாடி ஆகியவற்றைக் குறுக்கே வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும், 18-ஐத் தாண்டக்கூடாது என்று வரையறுத்தார்கள். பெரிய 10 மி.மீ.க்குப் போனார்கள்; அதன் உதைப்பைப் பலரால் தாங்க முடியவில்லை. .40-க்கு இறங்கினார்கள். பிறகு குண்டின் வடிவமைப்பு மேம்பட்டுவிட்டது, சிறிய கைகளும் நன்றாகச் சுடவேண்டும் என்று சொல்லி, 2010களின் நடுவில் 9 மி.மீ.க்கே திரும்பினார்கள். இந்த ஆராய்ச்சியில் ஒரு கொடூரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் குண்டு போய்ச் சேர்ந்த இடத்தில் என்ன நடக்கிறது என்ற கேள்வியை அவர்கள் கேட்டார்கள்.

விரியும் குண்டைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 1899 ஹேக் பிரகடனம் போரில் அதைத் தடுத்தது. காவல்பணிக்கு அந்தத் தடை பொருந்தாது. முழு உறையிட்ட குண்டு ஒருவனைத் துளைத்துப் பின்னால் நிற்பவர்மீதும் பாய்கிறது என்று காரணம் காட்டி, நியூயார்க் காவல்துறை 1990களின் இறுதியில் விரியும் குண்டுக்கு மாறியது. சுடப்படுபவனுக்கு அது கூடுதல் கேடு. பின்னால் காய்கறி வாங்கிக்கொண்டிருப்பவருக்குப் பாதுகாப்பு. யாரைக் கணக்கில் எடுப்பது என்பதில்தான் தேர்வே இருக்கிறது. நம் கடைத்தெருக்களின் நெரிசலை நினைத்தால் இந்த விவாதம் இங்கேதான் சூடாக நடந்திருக்கவேண்டும்.

இங்கே நடந்ததோ கோப்பு. காவல்துறையை நவீனப்படுத்த மத்திய அரசு நிதி தரும் திட்டம் 1969-70 முதல் இருக்கிறது. காவல் ஆராய்ச்சி மேம்பாட்டுப் பணியகம் 1970-இல் ஏற்பட்டது. ஓர் ஆயுதத்துக்கு என்னென்ன தகுதிகள் வேண்டும் என்று அது பட்டியலிடுகிறது. நீரில் அமிழ்த்தி, மணலில் புரட்டி, கீழே போட்டுச் சோதிப்பதும், தகுதி பெற்றவற்றில் ‘எல் ஒன்’ என்னும் குறைந்த விலைக்குக் கொடுப்பதும் நடைமுறை. ஆனால் நெடுங்காலம் தேர்வு என்பதே பெயரளவுதான். இஷாப்பூரும் கான்பூரும் எதைச் செய்தனவோ அதுவே காவலரின் ஆயுதம். பிஸ்டலுக்கும் கார்பைனுக்கும் ஒரே 9 மி.மீ. தோட்டா போதும் என்ற வசதி ஒரு நல்ல காரணம், மறுக்க வேண்டியதில்லை. 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கிகளுக்கு எதிரே பழைய .303-உடனும் லத்தியுடனும் காவலர்கள் நின்றதை நாடே பார்த்தபின்தான் வெளிநாட்டு பிஸ்டல்கள் பெரிய அளவில் பேசப்பட்டன. உத்தரப் பிரதேசம் தன் .303 ரைபிள்களுக்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாள் அணிவகுப்பில். ஆயுதத் தொழிற்சாலை வாரியமும் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அந்தக் கோப்புகள் எதிலும், இதைச் சுமக்கப்போகும் காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டதாக அப்பா அறிந்தவரை இல்லை.

நவீனமானதால் மட்டும் என்ன ஆகிவிட்டது என்றும் கேட்கலாம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் மஸ்கட்டுகளின் காலம் முடிந்திருந்தது. நெடுந்தொலைவு சுடும் ரைபிள்கள் வந்துவிட்டன. அந்த நாளிலும் அதையடுத்தும் பதின்மூன்று பேர் இறந்தார்கள். 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, ஓடிக்கொண்டிருந்தவர்கள்மீது மறைவிலிருந்து சுட்டதைச் சொல்லி, காவல்துறையினர் பதினேழு பேர்மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. முதல்நாள் தொலைக்காட்சியில் வேன்மீது ஏறி நின்று குறிபார்க்கும் காவலரின் படத்தைக் கண்டதும் அப்பா, “அது புரி போட்ட குழலு. தெரிஞ்சிடும்” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

அதற்கு முன் 2014-இல், காவலர் சுட்டு ஒருவர் இறந்தால் அந்த ஆயுதத்தை ஆய்வுக்கு ஒப்படைக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் நெறிமுறை வகுத்தபோது, அப்பாவுக்குக் கண்புரை. அக்கா செய்தியைப் படித்துக் காட்டினாள். நெடுநேரம் கழித்து, “மஸ்கட்டா இருந்தா ஒப்படைச்சி என்ன பண்றது?” என்று கேட்டார். அக்காவிடம் பதில் இல்லை. அந்தப் பையனின் வீட்டுக்கு ஒருமுறை போய்வரலாமா என்று அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கேட்டார். போய் என்ன சொல்வீர்கள் என்றாள் அக்கா. அதுதான் தெரியவில்லை என்றார். போகவில்லை. அக்கா அதை இன்றும் தன் குற்றமாகச் சொல்லிக்கொள்கிறாள். “நான்தான் சுட்டேன்” என்று சொல்ல அவரால் முடியாது. “நான் இல்லை” என்றும் முடியாது. மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய் யார் வாசலில் நிற்பது?

எழும்பூரில், பழைய ஆணையர் அலுவலகக் கட்டடத்தில், 2021 செப்டம்பரில் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகத்துக்குத் திதி முடிந்து சென்னை திரும்பிய வாரம் மூவரும் போனோம். அம்மா வர மறுத்துவிட்டாள். செந்நிறச் சுவர்கள், மெருகேற்றிய மரப்படிகள், பழைய சீருடைகள், கண்ணாடிக்குப் பின்னால் துப்பாக்கிகள். ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து மரக்கட்டை தெரிகிறதா என்று தம்பி பார்த்துக்கொண்டே வந்தான். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்துவிட்டதால் முழுதும் பார்க்க முடியவில்லை.

இரவு தொலைபேசியில் அம்மா கேட்டாள், எல்லாம் பூட்டித்தானே வைத்திருக்கிறார்கள் என்று. கண்ணாடிக்குள் இருக்கிறது என்றோம்.

“எண்ணித்தான் வச்சிருப்பாங்க” என்றாள்.